பழைய கெப்புக்குப் புது ரேடியேட்டர்: மலிவு எது, இலாபம் எது?

தோட்டப்பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதத்தின் ஒன்பதாம் திகதி என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் பத்தாம் திகதி, சம்பளம். அன்று மாலை கடையில் சாமான் இருந்தால் பழைய கடனும் வரும், புது வியாபாரமும் நடக்கும். இல்லாவிட்டால் அந்தக் காசு அடுத்த கடையின் லாச்சிக்குள் போய்விடும்.

2023ஆம் ஆண்டு அப்படி ஒரு ஒன்பதாம் திகதி. புறக்கோட்டையில் பருப்பு, சீனி, கருவாடு, சவர்க்காரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு அவிசாவளை வழியாக ஹட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி 1994ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மெல்ல மேலே ஏறியது. "மேலே போனால் குளிர்தானே, இறங்கிவிடும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வளைவு தாண்டவில்லை, பொனட்டுக்குள் இருந்து புகை போல நீராவி கிளம்பியது.

அந்த ரேடியேட்டர் மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புத்தம் புதுசு, பெட்டி உடைத்துப் பூட்டியது.

அன்றிரவு வேறு லொறி பிடித்துச் சாமானை ஏற்றி அனுப்ப முடியவில்லை. பத்தாம் திகதி வியாபாரம் போயிற்று. எஞ்சினின் ஹெட் கேஸ்கட் போயிற்று. ஹெட்டைக் கழற்றி மட்டம் பிடிக்கக் கொடுத்ததில் பதினொரு நாள் வண்டி கராஜில் கிடந்தது. ரேடியேட்டரில் மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு அதற்குப் போனது. பல வருடம் கணக்குக் கொப்பி வைத்துக் கடன் கொடுத்த சில குடும்பங்கள் அந்த மாதத்தோடு வேறு கடைக்குப் பழகிவிட்டன. அதற்கு எந்த பில்லும் இல்லை, ஆனாலும் பெரிய நட்டம் அதுதான்.

எனக்கு நடந்தது இன்னொரு வியாபாரிக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. காசு கொடுத்துப் பாடம் படித்த ஒரு சில்லறைக் கடைக்காரன்.

பழைய வண்டிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று எங்கே பார்த்தாலும் மரக்கறி, கொழுந்து, கேஸ் சிலிண்டர், கோழித் தீவனம் எல்லாவற்றையும் சுமப்பவை இருபது முப்பது வருடம் பழைய கெப்புகள்தான். ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, நிசான் டி21, இசுசு என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சரக்கு வாகனங்களுக்கும் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் புது வண்டியின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

ஆகவே கையில் இருக்கும் பழைய வண்டிதான் நமது முதல். அந்த முதலைக் காப்பாற்றுவது எஞ்சின். எஞ்சினைக் காப்பாற்றுவது ரேடியேட்டர். டீசல் எரியும்போது வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது. மற்றப் பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதாவது வண்டியை மலை ஏற்ற எவ்வளவு பலம் போகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டை முன்னால் இருக்கும் அந்தச் சட்டகம் வெளியே தள்ள வேண்டும்.

குளிர் நாட்டில் சூடு ஏறுமா?

"நுவரெலியாக் குளிரில் ரேடியேட்டர் எதற்கு?" என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். உண்மையில் இந்தக் குளிர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

பாதி அடைபட்ட ரேடியேட்டர் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே ஓடும்போது ஒரு குறையும் காட்டாது. வெளிக்காற்றே குளிராக இருப்பதால் முள் நடுவில் நிற்கும். அதே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கித்துல்கலையின் புழுக்கத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். பாரம் அதிகம், வேகம் குறைவு, முன்னால் வந்து மோதும் காற்றும் இல்லை, வெளியே சூடு. நான்கும் ஒன்றாகச் சேரும் இடம் அது. கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறுபவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரமாகக் கொதிக்கும். கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் 96 பாகை அளவிலும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் கொதித்துவிடும். இதைத் தடுப்பதுதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. மூடியில் 0.9 என்று அடித்திருந்தால், அந்த அளவு அழுத்தம் வரும்வரை ஸ்பிரிங் திறக்காது. அழுத்தம் இருந்தால் கொதிநிலை உயரும். நல்ல மூடி இருந்தால் நுவரெலியாவிலும் தண்ணீர் ஏறத்தாழ 115 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 94 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும். பல டொயோட்டாக்களில் தெர்மோஸ்டட் 82 பாகையில் திறக்கத் தொடங்கி 95 பாகையில்தான் முழுதாகத் திறக்கும். கணக்கைப் பாருங்கள். மூடி பழுதானால், கதவு முழுதாகத் திறப்பதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடுகிறது.

ரேடியேட்டரோடு ஒப்பிட்டால் மூடியின் விலை ஒன்றுமே இல்லை. அதை மாற்றாமல் ரேடியேட்டரை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

சூடு ஏறினால் உடனே ரேடியேட்டர் வாங்க ஓடக் கூடாது. மலிவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்து வர வேண்டும்.

மூடி, ஹோஸ் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள், ஃபேன் பெல்ட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கீழ் ஹோஸ் மெத்தென்று நைந்திருந்தால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும்.

அடுத்தது ஃபேன் கிளச். எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சூடான எஞ்சினில் ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். காற்றாடி போலத் தாராளமாகச் சுழன்றால் கிளச்சுக்குள் இருக்கும் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். ரேடியேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று இழுக்காவிட்டால் பயனில்லை.

தெர்மோஸ்டட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். பல ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டட்தான் குறுக்கு வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் சூடு கூடும். மேலே குளிரில் எஞ்சின் சூடாகாமல் டீசல் குடிக்கும். இரண்டு பக்கமும் நட்டம்.

கடைசியாக ஹெட் கேஸ்கட். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால், அல்லது எஞ்சின் ஒயில் பால் தேநீர் போல இருந்தால், பிரச்சினை ரேடியேட்டரில் இல்லை. அந்த நிலையில் புது ரேடியேட்டர் பூட்டுவது, ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுவது மாதிரி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறினால்தான் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, ஃபேனுக்குத் தூரமாக முன்பக்கத்திலிருந்து மெதுவாகக் கைவைத்துப் பார்த்தால், அடைபட்ட இடம் மட்டும் குளிராக இருக்கும். தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் சிறு கருவி சில கராஜ்களில் இருக்கிறது, அது இன்னும் நல்லது.

சந்தையில் கிடைப்பவை

மெல்லிய குழாய்களுக்குள் தண்ணீரை ஓடவிட்டு வெளியே காற்றால் குளிர்விக்கும் இந்த யோசனை பழையது. 1900ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் வண்டிக்காகச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அன்றிலிருந்து வேலை மாறவில்லை. உலோகம்தான் மாறியிருக்கிறது. நமது சந்தையில் நான்கு வகை கிடைக்கின்றன.

முதலாவது செம்பு-பித்தளை ரேடியேட்டர். குழாயும் தொட்டியும் பித்தளை, இடையில் உள்ள தகடு செம்பு, எல்லாம் ஈயம் வைத்து ஒட்டியது. பழைய கெப்புகள் பலவற்றில் முதலில் இதுதான் வந்தது. பாரம் கூட, விலையும் கூட. ஆனால் இதன் பெரிய பலம், ஊரிலேயே பழுதுபார்க்கலாம். தொட்டியைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டுத் துப்புரவு செய்யலாம், ஒழுகும் இடத்தை ஈயம் வைத்து அடைக்கலாம், நடுப்பகுதி முழுதாகக் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றிப் பழைய தொட்டிகளையே மறுபடி பூட்டலாம்.

இரண்டாவது அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டது. பெட்டியில் புதிதாக வரும் மலிவான வகை பெரும்பாலும் இதுதான். செம்பு, அலுமினியத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனாலும் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதால் நல்ல அலுமினிய ரேடியேட்டர் செம்புக்குக் குறைந்ததல்ல. பாரமும் மிகக் குறைவு. குறை எங்கே என்றால், பிளாஸ்டிக் தொட்டி சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி அடிபட்டு நிறம் மாறி, கடைசியில் வெடிக்கும். வெடித்தால் ஹட்டனில் ஒட்ட முடியாது. பசை போட்டு ஒட்டினால் அடுத்த ஏற்றம் வரைதான் நிற்கும்.

மூன்றாவது முழுவதும் அலுமினியத்தால் வெல்டிங் செய்தது. பலமானது. ஆனால் வெல்டிங் நன்றாக இருக்க வேண்டும். பழுது வந்தால் அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டும்.

நான்காவது பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கிடைக்கும், ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த ரேடியேட்டர். கம்பனி அளவிலேயே இருக்கும் என்பது நல்லது. எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது என்பது கெட்டது.

நான் செய்த பிழை

எனது வண்டியோடு வந்த பித்தளை ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி மூட்டில் ஒழுக்கு. இரண்டு முறை ஈயம் வைத்தேன். மூன்றாம் முறை பொறுமை போய், புதிதாக ஒன்று வாங்கக் கொழும்பு போனேன். பழையதைக் கையோடு கொண்டுபோகவில்லை. அளவும் எடுக்கவில்லை. "ஹைலக்ஸ்" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "எல்லா ஹைலக்ஸுக்கும் இதுதான்" என்றார். விலையும் மனதுக்குப் பிடித்தது. வாங்கி வந்தேன்.

பூட்டும்போதே ஒரு விஷயம் தெரிந்தது. ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைப் பூட்டும் துளைகள் ஒத்து வரவில்லை. அவசரத்தில், "பரவாயில்லை, அது இல்லாமலே ஓடும்" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டேன். பிழை மேல் பிழை.

கினிகத்தேனையில் நின்ற பிறகு, எங்கள் ஊர் கராஜ் பாஸ் அந்த ரேடியேட்டரைக் கழற்றி நிலத்தில் வைத்து அளந்தார்.

"முதலாளி, இது பெட்ரோல் வண்டிக்கு வார சைஸ். கோர் பாதி மொத்தம்தான். ஒங்கட டீசலுக்கு இது தாங்குமா?"

"கடையில எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு சொன்னாரே பாஸ்."

"ஃபேன் வளையமும் போடல்ல. ஃபேன் சுத்தின காத்தையே திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. சரி, அந்தப் பழைய பித்தளை ரேடியேட்டர் எங்க? தொட்டி நல்லாத்தானே இருந்திச்சு, கோர் மட்டும் மாத்திருவோம்."

நான் பதில் சொல்லவில்லை. பழைய செம்புக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு, வீட்டு வாசலுக்கு வந்த பழைய இரும்பு வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்திருந்தேன். புது ரேடியேட்டரின் விலையில் ஒரு பங்கு திரும்பி வந்தது என்று அன்று சந்தோஷப்பட்டேன். மறுபடியும் அதே போன்ற பித்தளைத் தொட்டி ஒரு சோடியைப் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கியபோது, அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டி வந்தது.

கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். பொருளின் குறையைத் தெரிந்து மறைத்து விற்பது நமக்குக் கூடாது என்பது வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விற்பவருக்கே தெரியாத குறையை அவர் எப்படிச் சொல்வார்? சரியாகக் கேட்பது வாங்குபவரின் பொறுப்பு. நான் கேட்கவில்லை.

அளவு எடுத்துக்கொண்டு போங்கள்

பழைய ரேடியேட்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் மிகச் சிறந்தது. முடியாவிட்டால் கீழே உள்ளவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வண்டியின் மாடல் இலக்கமும் எஞ்சின் வகையும். ஹைலக்ஸ் என்றால் 2எல்லா, 3எல்லா என்று தெரிய வேண்டும். எல்200 என்றால் 4டி56, நிசான் என்றால் டிடி27 என்று சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ரேடியேட்டர் வேறாக இருக்கும்.

நடுப்பகுதியின் உயரம், அகலம், மொத்தம். இதில் மொத்தத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மில்லிமீற்றரில் எழுதுங்கள்.

மேல் வாய், கீழ் வாய் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீற்றர் விட்டம்.

ஓட்டோ கியர் வண்டியா, சாதாரண கியரா. ஓட்டோ வண்டிகளின் ரேடியேட்டர் தொட்டிக்குள் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இருக்கும்.

பூட்டும் காதுகள், ஃபேன் வளையத்துக்கான துளைகள், தண்ணீர் இறக்கும் திருகு எங்கே இருக்கின்றன.

ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி எவ்வளவு. இரண்டு வரிசைக் குழாய்க்குப் பதிலாக மூன்று வரிசை போடுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு அங்குலமாவது மிச்சம் இல்லாவிட்டால், பள்ளத்தில் குலுங்கும்போது ஃபேன் போய்க் கோரைக் கிழித்துவிடும்.

வரிசை கூடினால் குளிர்ச்சியும் அதே அளவு கூடும் என்று நினைக்காதீர்கள். முதல் வரிசையில் சூடான காற்றுதான் பின் வரிசைக்குப் போகிறது. தகடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் நமது பாதைக்கு நல்லதல்ல. தோட்டப் பாதையின் சேறும் புல்லும் பூச்சியும் அதற்குள் சிக்கிக் காற்றை மறித்துவிடும்.

பாவித்ததை வாங்கும்போது

பாவித்த ரேடியேட்டரைப் பார்க்கும்போது வெளிப் பெயின்ட்டை நம்பாதீர்கள். கறுப்புப் பெயின்ட் அடித்தால் கிழவனும் குமரன்தான். மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு கட்டியிருந்தால் வேண்டாம். தகட்டை நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டி மண்ணிறமாகி, மூட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, மூடியில் குறித்த அளவுக்குக் காற்று ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். குமிழ் வந்தால் தெரிந்துவிடும். அதற்கு மறுக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது. பில்லில் மாடல் இலக்கத்தையும், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு மலை ஏறும்போது கைகொடுக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாம் வியாபாரிகள். சாமான் வாங்கும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். வண்டிச் சாமானுக்கு மட்டும் மொத்த விலையைப் பார்த்து ஏமாறுகிறோம். மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டுப் பழக வேண்டும்.

உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. மலிவானது 30,000 ரூபா, பத்து மாதம் ஓடுகிறது. நல்லது 90,000 ரூபா, ஐந்து வருடம் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் பூட்டுக் கூலியும் கூலன்டும் 8,000 ரூபா என்று வைப்போம். ஐந்து வருடத்தில் மலிவானதை ஆறு முறை வாங்க வேண்டும். 38,000 ரூபாவை ஆறால் பெருக்கினால் 228,000 ரூபா. நல்லதுக்கு 98,000 ரூபா. இதில் வண்டி நின்ற நாட்களும், இழந்த பத்தாம் திகதிகளும், ஹெட் வேலையும் சேரவில்லை. எல்200 போன்ற வண்டிகளின் 4டி56 எஞ்சினில் ஹெட் அலுமினியம். ஒரு முறை நன்றாகச் சூடேறினாலே வளைந்துவிடலாம் அல்லது வெடித்துவிடலாம்.

இன்று விலைகள் வேறாக இருக்கும். உங்கள் கடையில் கேட்ட விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். சில வேளை மலிவானதே சரியாகவும் வரலாம். மாதம் இரண்டு முறை மட்டும் பாரமில்லாமல் ஓடும் வண்டிக்கு, அளவு பொருந்திய நல்ல அலுமினிய ரேடியேட்டர் போதும். வாரத்துக்கு மூன்று முறை பாரத்தோடு ஏறும் வண்டிக்குத்தான் நான் செம்பு-பித்தளையைச் சொல்வேன். அதுவும் நம்பகமான ரேடியேட்டர் வேலைக்காரர் ஊரில் இருந்தால் மட்டும்.

பூட்டும்போது விடக்கூடாதவை

புது ரேடியேட்டரைப் பூட்டுவதற்கு முன் எஞ்சினுக்குள் இருக்கும் துருத் தண்ணீரைப் பல முறை கழுவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய துரு புதுக் குழாய்களை அடைக்கும். மூடி, ஹோஸ், தெர்மோஸ்டட் ஆகியவற்றையும் கூடவே மாற்றிவிடுவது புத்தி.

பீலித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது நமது பழக்கம். அதில் உள்ள உப்பும் காற்றும் உலோகத்தை அரிக்கும். வடிகட்டிய பற்றரித் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். நுவரெலியாவில் தை, மாசிக் காலத்தில் பனி உறைந்தாலும், நமக்குக் கூலன்டின் முக்கிய வேலை துருவைத் தடுப்பதுதான். போத்தலில் சொன்ன அளவைக் குறைக்காதீர்கள். வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். மிச்சப் போத்தலைப் பிள்ளைகள் கையில் படும்படி வைக்க வேண்டாம்.

அலுமினிய ரேடியேட்டர் என்றால் பற்றரியின் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் தண்ணீர் வழியே போகப் பார்த்து, அலுமினியத்தை உள்ளேயிருந்து ஊசித்துளை போல அரித்துவிடும்.

தண்ணீர் ஊற்றிய பின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு நமது ஊர்ப் பாதையே வசதி. வண்டியின் முகம் மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, தண்ணீர் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூடுங்கள்.

ஒழுக்குக்கு மஞ்சள் தூள், அடைப்பு மருந்து போடுவது பாதையில் நின்றால் வீடு வந்து சேர மட்டும். அதை வைத்தியம் என்று நினைத்தால், ஒழுகாத குழாயையும் சேர்த்து அடைத்துவிடும்.

பாதையில் முள் ஏறினால்

சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரைத் திறங்கள், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். தண்ணீர் வெளியேறாமல் முள் மட்டும் ஏறியிருந்தால் சிறிது நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிடலாம். நீராவி அடித்தால், தண்ணீர் கொட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கைவைக்கவே கூடாது, முகமே வெந்துபோகும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, மெதுவாக ஊற்றுங்கள். அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருந்தால் எனக்குப் பதினொரு நாள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது எனது வண்டியில் பழைய பித்தளைத் தொட்டிகளோடு புது மூன்று வரிசைச் செம்புக் கோர் இருக்கிறது. ஃபேன் வளையமும் இடத்தில் இருக்கிறது. பாஸ் பூட்டிவிட்டு, "முதலாளி, இனிமே ஏதாவது பழசக் கழட்டினா, விக்கிறதுக்கு முந்தி எனக்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். கேட்கிறேன்.

அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு எத்தனையோ பத்தாம் திகதிகள் வந்து போய்விட்டன. கடையில் சாமான் இல்லாமல் ஒரு சம்பள நாளும் போகவில்லை. வேறு கடைக்குப் பழகியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது, சாமான் பட்டியலோடு உங்கள் ரேடியேட்டரின் அளவையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.